கேஎல்–பினாங்கு 325 கிலோமீட்டர்தான். பிறகு ஏன் ஒரு மணி நேரம்?

கோலாலம்பூர் (கேஎல்) பன்னாட்டு விமான நிலையமான கேஎல்ஐஏவிலிருந்து பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு வான்வழியில் சுமார் 325 கிலோமீட்டர். நாம் வழக்கமாக ஏறும் ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கக்கூடியது. பள்ளிக்கூடக் கணக்குப்படி தூரத்தை வேகத்தால் வகுத்தால் 24 நிமிடத்தில் பினாங்கில் இறங்கிவிட வேண்டும். ஆனால் பயணச்சீட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போட்டிருக்கிறார்கள்.

சென்னைச் சீட்டு இதைவிட வேடிக்கை. எடுத்துக்காட்டுக்கு, காலை 9.00க்குக் கேஎல்லில் புறப்பாடு, 10.20க்குச் சென்னையில் இறக்கம் என்றிருக்கும். 1 மணி 20 நிமிடம்! திரும்பும்போது காலை 11.20க்குப் புறப்பட்டு மாலை 5.40க்கு இறக்கம். 6 மணி 20 நிமிடம்! அதே கடல், அதே விமானம்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பயண நேரம் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் வெவ்வேறு கணக்குகள். ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டால், எந்த ஊருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஒரு துண்டுத் தாளில் நீங்களே போட்டுவிடலாம்.

முதலில் தூரம்

கேஎல்–பினாங்கு எவ்வளவு தூரம் என்று மூன்று பேரைக் கேட்டால் மூன்று விடை வரும். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிறவர் 350க்கு மேல் என்பார். கேஎல்ஐஏவிலிருந்து பறப்பவர் 325 என்பார். பழைய சுபாங் விமான நிலையத்திலிருந்து பறப்பவருக்கு அது 280தான். மூவர் சொல்வதும் சரி, ஏனென்றால் மூவரும் வேறு வேறு இடத்திலிருந்து, வேறு வேறு வழியில் அளக்கிறார்கள்.

கேஎல்ஐஏ கோலாலம்பூரில் இல்லை, செப்பாங்கில் இருக்கிறது. கேஎல் சென்ட்ரலிலிருந்து விரைவு ரயிலில் 57 கிலோமீட்டர், 28 நிமிடம். அதுவும் தெற்குப் பக்கம். வடக்கே இருக்கும் பினாங்குக்குப் போக முதலில் தெற்கே போய், பிறகு வந்த வழியின் தலைக்கு மேலேயே திரும்பிப் பறக்கிறோம். 1998இல் கேஎல்ஐஏ திறக்கப்படும் வரை தலைநகரின் பெரிய விமான நிலையம் சுபாங்தான். கேயூஎல் என்ற மூன்றெழுத்துக் குறியீடும் அன்று சுபாங்குடையது. பிறகு அந்தக் குறியீடு செப்பாங்குக்குப் போய், சுபாங்குக்கு எஸ்இசட்பி என்று புதியது வந்தது. இணையத்தில் விமான தூரம் பார்க்கும்போது ஊர்ப் பெயரைப் போடாமல் இந்தக் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள். பினாங்குக்குப் பிஇஎன், சென்னைக்கு எம்ஏஏ, திருச்சிக்கு டிஆர்இசட்.

இந்த 325 எங்கிருந்து வருகிறது? யாரும் நாடா பிடித்து அளக்கவில்லை. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள் உண்டு. கேஎல்ஐஏ ஏறக்குறைய வடக்கு 2.75 பாகை, கிழக்கு 101.71 பாகை. பாயான் லெப்பாஸ் வடக்கு 5.30, கிழக்கு 100.28. அட்சரேகையில் ஒரு பாகை என்பது தரையில் சுமார் 111 கிலோமீட்டர். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் தீர்க்கரேகையிலும் ஏறக்குறைய அதே அளவு.

இனி கழித்தல்தான். அட்சரேகை வித்தியாசம் 2.55 பாகை, அதை 111ஆல் பெருக்கினால் 283 கிலோமீட்டர். தீர்க்கரேகை வித்தியாசம் 1.43, அது 159 கிலோமீட்டர். ஒன்று வடக்கே, மற்றது மேற்கே. இரண்டும் செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள். பள்ளியில் படித்த பைதாகரஸ் தேற்றம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்: சுமார் 325. கணிப்பொறி தரும் விடையும் இதுதான்.

சென்னைக்கும் இதே முறை செல்லும், ஒரு சின்னத் திருத்தத்தோடு. வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்கும். கேஎல்லுக்கும் சென்னைக்கும் நடுவில் அந்த நெருக்கம் ஒரு விழுக்காடு அளவுதான், எனவே தீர்க்கரேகைப் பக்கத்தில் நூற்றுக்கு ஒன்று குறைத்துக்கொண்டால் போதும். விடை சுமார் 2,630 கிலோமீட்டர். திருச்சிக்குப் போட்டுப் பாருங்கள், 2,690 வரும். திருச்சி தெற்கே இருப்பதால் நமக்குக் கிட்டே என்று நினைப்பவர்கள் உண்டு. தெற்கே இருப்பது உண்மைதான், ஆனால் சென்னையைவிட ஒன்றரைப் பாகை மேற்கே தள்ளி இருக்கிறது. அதனால் 60 கிலோமீட்டர் கூடுதல். நேரத்தில் அது நாலைந்து நிமிடம், அவ்வளவே.

தூரம் அதிகமாக ஆக இந்த முக்கோணக் கணக்கு பொய் சொல்லத் தொடங்கும், ஏனென்றால் பூமி தட்டை இல்லை. கோலாலம்பூர்–லண்டனை எடுத்துக்கொள்வோம். வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப்படத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் அது தென்னிந்தியாவைக் கடந்து, அரபிக்கடலில் இறங்கி, ஈரான் வழியாகப் போகும். ஒரு பூகோள உருண்டையை எடுத்து அதே இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் வடக்கே ஏறி, பாதி வழியில் உஸ்பெகிஸ்தானின் தென்பகுதியில் நிற்கும். அதுதான் உண்மையிலேயே குறுகிய வழி. நீளம் சுமார் 10,600 கிலோமீட்டர். இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். விமான தூரம் என்று இணையத்தில் காட்டப்படுவது பெரும்பாலும் இதுதான். ஹேவர்சைன் என்ற கோணக்கணிதச் சூத்திரத்தால் போடுகிறார்கள். பூமியின் ஆரத்தை 6,371 கிலோமீட்டர் என்று வைத்துப் போடுவதால் இடத்துக்கு இடம் விடை கொஞ்சம் மாறலாம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் என்று நாம் அதிகம் போகும் ஊர்கள் பூமத்திய ரேகையை ஒட்டியே இருப்பதால் நூலும் அளவுகோலும் ஏறக்குறைய ஒரே கோட்டில்தான் போகும்.

விமானி இந்தக் கோட்டின் மீதே பறப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வானத்திலும் பாதைகள் உண்டு, நடுநடுவே பெயரிட்ட புள்ளிகள் உண்டு, புகக்கூடாத வான்வெளிகள் உண்டு. இடி மேகத்தைச் சுற்றவும் வேண்டும். எனவே பறக்கும் தூரம் எப்போதும் கணக்குத் தூரத்தைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். இன்னொன்று: விமானத் துறையில் பறக்கும் தூரத்தைப் பெரும்பாலும் கிலோமீட்டரில் சொல்வதில்லை, கடல் மைல்தான். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஒரு பாகைக்கு 60 கடல் மைல் என்று கச்சிதமாக அமைவதால் மாலுமிகளிடமிருந்து விமானிகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

சீட்டில் இருக்கும் ஒரு மணி நேரம்

இப்போது 24 நிமிடப் புதிருக்கு வருவோம்.

சீட்டில் போட்டிருக்கும் புறப்படும் நேரம், சக்கரம் தரையை விட்டு எழும் நேரம் இல்லை. விமானம் நிற்கும் இடத்திலிருந்து பின்னுக்குத் தள்ளப்படும் நேரம். சேரும் நேரம் என்பதும் ஓடுபாதையைத் தொடும் நேரம் இல்லை, மறுமுனையில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் நேரம். இந்த இரண்டுக்கும் இடைப்பட்டதைத்தான் விமான நிறுவனங்கள் பயண நேரம் என்று அச்சிடுகின்றன. அதற்குள் தரையில் ஊர்ந்து போவதும் அடக்கம், வரிசையில் காத்திருப்பதும் அடக்கம். கேஎல்ஐஏவில் மூன்று ஓடுபாதைகள். உங்கள் முனையத்துக்குத் தொலைவில் உள்ள ஓடுபாதை கிடைத்தால் பத்துப் பதினைந்து நிமிடம் ஊர்வதிலேயே போய்விடும். பாயான் லெப்பாஸில் ஒரே ஓடுபாதை, இறங்கியதும் சீக்கிரம் நின்றுவிடும்.

மேலே எழுந்த பிறகும் 830 வேகம் உடனே கிடைத்துவிடாது. பொதுவாக 10,000 அடிக்குக் கீழே 250 நாட் (மணிக்கு 250 கடல் மைல்), அதாவது மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று விதி. முழு உயரமான 35,000 அடிக்கு ஏற ஏறக்குறைய 20 நிமிடம் பிடிக்கும். இறங்குவதற்கு விமானிகளிடம் ஒரு பழைய மனக்கணக்கு இருக்கிறது: 1,000 அடிக்கு 3 கடல் மைல். அந்தக் கணக்கில் 35,000 அடியிலிருந்து இறங்க 105 கடல் மைல், அதாவது 195 கிலோமீட்டர் முன்னதாகவே தொடங்க வேண்டும். ஏற்றத்துக்கும் ஏறக்குறைய அதே தூரம் ஆகும். இரண்டையும் கூட்டினால் 325ஐத் தாண்டிவிடுகிறது!

ஆக, பினாங்கு விமானம் பெரும்பாலும் அந்த உயரத்துக்குப் போவதே இல்லை. அதைவிடக் கீழேயே ஏறுவதை நிறுத்தி, சிறிது நேரம் சமமாகப் பறந்து, ஈப்போ தாண்டியதும் இறங்கத் தொடங்கிவிடும். பணிப்பெண்கள் தண்ணீர் கொடுத்து முடிப்பதற்குள் இருக்கைப் பட்டையைப் போடச் சொல்வது இதனால்தான். வானில் இருப்பது ஏறக்குறைய 40, 45 நிமிடம். தரையில் ஊர்வது மிச்சம்.

சுபாங்கிலிருந்து போகும் ஏடிஆர் 72 உந்துவிசிறி விமானத்தின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுதான். ஜெட்டோடு ஒப்பிட்டால் பாதியைவிடச் சற்றுக் கூடுதல். ஆனாலும் பினாங்குக்கு அது எடுத்துக்கொள்ளும் நேரம் ஜெட்டைவிடப் பெரிதாகக் கூடிவிடாது. தூரம் 45 கிலோமீட்டர் குறைவு, குறைந்த உயரத்திலேயே பறக்கிறது, சிறிய விமான நிலையம். குறுகிய தூரத்தில் ஜெட்டின் வேகத்துக்கு வேலையே இல்லை. பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம் பக்கம் வீடு என்றால் நான் யோசிக்காமல் சுபாங்கைத்தான் சொல்வேன்.

இதையெல்லாம் சேர்த்து ஒரு எளிய சூத்திரம் வைத்துக்கொள்ளலாம். தூரத்தை 800ஆல் வகுத்து, வரும் நேரத்தோடு அரை மணி நேரம் கூட்டுங்கள். ஊர்வது, ஏற்றம், இறக்கம், சுற்றுவழி எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த அரை மணி.

பினாங்கு: 325ஐ 800ஆல் வகுத்தால் 24 நிமிடம், அரை மணி கூட்டினால் 54 நிமிடம். கோத்தா கினபாலு: 1,630 கிலோமீட்டருக்கு 2 மணி 2 நிமிடம், கூட்டினால் ஏறக்குறைய 2 மணி 32 நிமிடம். சென்னை: 3 மணி 17 நிமிடம், கூட்டினால் 3 மணி 47 நிமிடம். கால அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஐந்து பத்து நிமிட வித்தியாசத்தில் பொருந்தும். அட்டவணை சற்றுக் கூடவே காட்டும், ஏனென்றால் நிறுவனங்கள் தாமதத்துக்கு இடம் விட்டுத்தான் நேரம் போடுகின்றன. புறப்படும்போது தாமதம், ஆனால் சேரும்போது சரியான நேரம் என்று நடப்பதற்கு விமானியின் சாமர்த்தியத்தைவிட இந்த இடைவெளியே பெரும்பாலும் காரணம்.

காற்று

லண்டன் போன்ற நீண்ட பயணத்தில் சூத்திரம் கொஞ்சம் தள்ளாடும். சென்னைப் பயணத்திலேயேகூட ஒரே விமானம் ஒரு நாள் முன்னதாக வரும், மறுநாள் பிந்தி வரும். காற்றுதான் காரணம்.

விமானத்தின் 830 என்பது சுற்றியுள்ள காற்றை வைத்துச் சொல்லும் வேகம். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால்? ஓடும் ஆற்றில் படகு விடுவது போலத்தான். நீரோட்டத்தோடு போனால் கரை வேகமாக நகரும், எதிர்த்துப் போனால் மெதுவாக. இருக்கைத் திரையில் தெரிவது தரையை வைத்துச் சொல்லும் வேகம், காற்றைச் சேர்த்தோ கழித்தோ வந்த கணக்கு.

சென்னைக்கு 2,630 கிலோமீட்டர். காற்றே இல்லாவிட்டால் 830 வேகத்தில் 3 மணி 10 நிமிடம். பின்னாலிருந்து 80 கிலோமீட்டர் காற்று தள்ளினால் வேகம் 910, நேரம் 2 மணி 53 நிமிடம். லாபம் 17 நிமிடம். அதே காற்று முன்னாலிருந்து வந்தால் வேகம் 750, நேரம் 3 மணி 30 நிமிடம். நட்டம் 20 நிமிடம். ஒரே காற்று, ஆனால் எடுப்பது கொடுப்பதைவிட அதிகம். எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றுக்குள் இருக்கும் நேரமும் கூடுகிறது, அதுதான் விஷயம்.

மேற்கிலிருந்து கிழக்கே பறந்தால் சீக்கிரம் போகலாம் என்று இணையம் முழுக்க எழுதியிருப்பார்கள். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அது சரி, அங்கே உயரத்தில் வீசுவது மேலைக்காற்று. நம்முடைய வங்காள விரிகுடாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கதை தலைகீழ். தரையில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருக்கும்போது, அதற்கு நேர் மேலே, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பலத்த காற்று ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று பெயர். இந்திய வானிலையாளர் பி. கோட்டேஸ்வரம் 1950களில் இதை ஆராய்ந்து உலகுக்கு விளக்கினார். திபெத்தும் வட இந்தியாவும் கோடையில் சூடாகி, அவற்றுக்கு மேலுள்ள காற்றும் வெப்பமடைவதால் உண்டாகும் காற்று இது. இதன் நடு ஓட்டம் விமானங்களுக்கும் மேலே இருந்தாலும் விளிம்பு நம் விமானத்தைத் தொடும். ஆகவே அந்த மாதங்களில் கேஎல்லிலிருந்து சென்னை போவது பொதுவாகச் சற்று விரைவு, திரும்புவது சற்று மெது. இணையத்தில் படித்ததை நம்பி எதிர்பார்த்தால் நேர்மாறாகத்தான் நடக்கும்.

கடிகாரம்

காற்றால் இருபது நிமிடம் மாறலாம். ஆனால் போக 1 மணி 20 நிமிடம், வர 6 மணி 20 நிமிடம் என்பதற்குக் காற்று காரணமாக முடியாது. சீட்டில் எல்லா நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படிதான் இருக்கும். மலேசிய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முன்னே, இந்திய நேரம் 5 மணி 30 நிமிடம் முன்னே. வித்தியாசம் இரண்டரை மணி.

இந்தியாவுக்குப் போகும்போது சீட்டில் தெரியும் இடைவெளியோடு இரண்டரையைக் கூட்டுங்கள்: 1.20 உடன் 2.30, ஆக 3 மணி 50 நிமிடம். திரும்பும்போது கழியுங்கள்: 6.20இல் 2.30 போனால் அதே 3 மணி 50 நிமிடம். முன்பு நாம் சூத்திரத்தில் போட்ட 3 மணி 47 நிமிடமும் இதுவும் ஒன்றோடொன்று பொருந்துவதைக் கவனித்திருப்பீர்கள்.

இந்த இரண்டரை மணி சூரியன் போட்ட கணக்கு இல்லை. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். கேஎல்லுக்கும் சென்னைக்கும் 21.5 பாகை இடைவெளி, ஆக சூரியன் கேஎல்லுக்கு 86 நிமிடம் முன்னதாக உச்சிக்கு வருகிறது, அவ்வளவுதான். மிச்ச ஒரு மணிச் சொச்சம் அரசாங்கங்கள் வைத்தது. தீபகற்ப மலேசியா 1981 முடியும் வரை ஏழரை மணி முன்னேதான் இருந்தது. சபா, சரவாக்கோடு ஒரே நேரம் வேண்டும் என்று 1982 ஜனவரி 1இல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதற்கு முன்பு ஊருக்குப் போனவர்களுக்கு இந்தியாவோடு வித்தியாசம் இரண்டு மணிதான். நமக்குக் காலை ஏழு மணி வரை விடியாததும், மதிய வெயில் ஒரு மணிக்குப் பிறகு உச்சத்தில் நிற்பதும் இதன் விளைவு.

பினாங்குக்காரர்களுக்கு மட்டும்

பினாங்கிலிருந்து சென்னைக்கு நேர்த் தூரம் சுமார் 2,365 கிலோமீட்டர். சூத்திரப்படி 3 மணி 27 நிமிடம். 2024 டிசம்பரில் இந்த வழியில் நேரடி விமானம் தொடங்கியது. அதற்கு முன்பு பலரும் செய்தது கேஎல் போய் மாறுவது. அப்படிப் போனால் 325 உடன் 2,630, மொத்தம் 2,955 கிலோமீட்டர். கூடுதல் தூரம் 590தான், பறப்பதில் முக்கால் மணி. ஆனால் இரண்டாவது விமானத்துக்கு இன்னொரு அரை மணியைக் கூட்ட வேண்டும், நடுவே கேஎல்ஐஏவில் காத்திருக்கும் இரண்டு மூன்று மணியும் சேரும். மாறிப் போகும் சீட்டு மலிவாக இருந்தால், எத்தனை ரிங்கிட் மிச்சம், எத்தனை மணி செலவு என்று இரண்டையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ரஜூலா கப்பலில் நாள் கணக்கில் இதே கடலைக் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மூன்று மணிக்கு அலுத்துக்கொள்கிறோம் என்பது வேறு கதை.

கேஎல்–பினாங்குக்கும் இப்படி வீட்டு வாசல் முதல் வாசல் வரை எழுதிப் பார்க்கலாம். செப்பாங் போக ஒரு மணி, முன்னதாகப் போய்க் காத்திருக்க ஒரு மணிக்கு மேல், பறக்க ஒரு மணி, பாயான் லெப்பாஸிலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு அரை மணிக்கு மேல். நாலு மணி நெருங்கிவிடும். இடிஎஸ் என்ற மின்சார ரயில் கேஎல் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு நாலு மணிக்குச் சற்று மேல், பிறகு அங்கிருந்து தீவுக்குப் படகு. ஜார்ஜ்டவுனில் வேலை என்றால் நான் ரயிலில்தான் போவேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை என்றால் விமானம்.

கடைசியாக இரவு விமானம் எடுப்பவர்களுக்கு. சென்னையில் இரவு 11.30க்குப் புறப்பட்டால் 3 மணி 50 நிமிடம் கழித்து அங்கே அதிகாலை 3.20, இங்கே 5.50. சீட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாகக் கூட்டல் குறியும் 1 என்ற எண்ணும் இருக்கும், மறுநாள் என்று அர்த்தம். அழைக்க வருகிறவரிடம் வெள்ளிக்கிழமை விமானம் என்று சொல்லாமல், சனிக்கிழமை காலை 5.50, கேஎல்ஐஏ இரண்டாம் முனையம் என்று சேரும் கிழமை, சேரும் நேரம், முனையம் மூன்றையும் சொல்லிவிடுங்கள்.